ஊர் வரியும் உறவின் நம்பிக்கையும்



 

அன்பார்ந்த நேயர்களே! நோயுற்றவரைச் சென்று விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதனை நாம் அறிவோம். அக்கடமையை நிறைவேற்றும் பொருட்டு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவரைப் பார்ப்பதற்காகத் தெல்லிப்பழையிலுள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கு அண்மையில் சென்றிருந்தேன். 2011ஆம் ஆண்டில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை முனை வரை நடந்தவர்கள், இன மத வேறுபாடின்றி நாட்டு மக்களிடம் திரட்டிய நன்கொடையினால் எழுந்த மருத்துவமனை அது. 2013ஆம் ஆண்டில் அது திறந்து வைக்கப்பட்டது.

பார்வையாளர் நேரம் வரும்வரை வெளி வாங்கில் அமர்ந்திருந்தேன். அருகில் அவ்வூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மனைவிக்கு உள்ளே சிகிச்சை நடைபெறுகின்றது. எனது தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்கள் மௌலவியோ?” என்று பேச்சைத் தொடங்கியவர், சிறிது நேரத்தில் தமது மனத்திலிருந்த பாரத்தை இறக்கி வைத்தார்.

“மூத்தவன் யப்பானிலை வேலை செய்யிறான். வந்த புதிசிலை மாசம் தவறாமல் நல்லாய் அனுப்பினவன். இப்ப குறைச்சுப்போட்டான். கேட்டால், ஊர் வரி கூடிப்போச்சு எண்டு சொல்லுறான். நானும் சோலைவரி கட்டுறனான் தானே தம்பி. அது எவ்வளவு காசு? எங்களுக்குக் கதை விடுறான். நான் அவனோடை கதைச்சு இரண்டு கிழமையாகுது. மனிசிக்கு இது தெரியாது.”

நேயர்களே! எனது சகோதரியின் மகன் யப்பானில் சில ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பியவர். அதனால் அந்நாட்டின் வரி விடயம் எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது பெரியவர் பேசி முடிக்கும் முன்னரே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தந்தையும் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த ஊர் வரி சோலைவரி ஒன்றுதான். அந்த அளவுகோலைக் கொண்டே அவர் மகனை அளந்தார். இருவரும் உண்மையாளர்கள், இருந்தும் இருவருக்குமிடையே பேச்சு நின்றுபோயிற்று. இன்றைய சிந்தனை இதனைப் பற்றியதே.

எமது நாட்டில் சோலைவரி என்பது வீடு, காணி, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைப் பார்த்து விதிக்கப்படுவது. பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ காலாண்டு தோறும் செலுத்துகின்றோம். ஜனவரி மாதம் முடிவதற்குள் ஆண்டு முழுவதற்குமுரியதைச் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவும் உண்டு. யப்பானில் குடியிருப்பாளர் வரி என்பது இதுவன்று. அது மனிதனின் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவது. வீடில்லாதவரும் செலுத்த வேண்டும். தொழிற்சாலை விடுதியில் ஒரு கட்டில் மட்டுமே சொந்தமென வாழும் வெளிநாட்டுத் தொழிலாளியும் செலுத்த வேண்டும். ஜனவரி முதலாம் திகதியன்று எந்த ஊரில் வசிப்பதாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றாரோ அந்த ஊருக்கு அவர் கடமைப்பட்டவராகின்றார்.

இவ்வரியின் வீதம், நிவாரணங்களைக் கழித்த பின்னுள்ள வருமானத்தில் பத்தாகும். பொதுவாக அதில் ஆறு நகரத்துக்கும் நான்கு மாகாணத்துக்கும் சேரும். முன்னர் வருமானத்துக்கேற்ப ஐந்து, பத்து, பதின்மூன்று வீதமென இருந்தது. 2007ஆம் ஆண்டில் அனைவருக்கும் பத்து வீதமாக்கப்பட்டது. அவ்வேளை மத்திய அரசின் வருமான வரி குறைக்கப்பட்ட போதிலும், குறைந்த ஊதியம் பெறுவோரின் சம்பளச் சீட்டில் ஊர் வரி ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்து நின்றது. இவற்றுடன் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் யென் தனியாகவும் அறவிடப்படுகின்றது.

வீதம் 2007இல் நிலைபெற்றுவிட்டதென்றால், பெரியவரின் மகனுக்கு வரி ஏன் ஏறியது? இங்கேதான் பல குடும்பங்கள் இடறுகின்றன. யப்பானின் குடியிருப்பாளர் வரி சென்ற ஆண்டின் வருமானத்துக்கு இவ்வாண்டில் வருவது. புதிதாகச் சென்றவருக்கு முதலாண்டில் அவ்வரி இல்லை. ஏனெனில் அதற்கு முந்திய ஆண்டில் அவருக்கு அங்கே வருமானம் இருக்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் வரி தொடங்குகின்றது. ஆனால் அது முதலாண்டின் சில மாத வருமானத்துக்கு மட்டுமே, ஆகவே சிறியதாயிருக்கும். மூன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் முழு ஆண்டின் வருமானத்துக்குரிய வரி சம்பளத்தில் வெட்டப்படத் தொடங்கும். நிவாரணங்கள் போக வரிக்குரிய வருமானம் 12 இலட்சம் யென் என வைத்துக்கொண்டால், வரி ஏறக்குறைய ஒரு இலட்சத்து 25 ஆயிரம் யென். மாதத்துக்குப் பத்தாயிரம் யென்னுக்கும் அதிகம். சென்ற ஆண்டில் மேலதிக நேரம் வேலை செய்து நிறைய உழைத்தவர், இவ்வாண்டில் மேலதிக வேலையே இல்லாத நிலையிலும் அதற்குரிய வரியைக் கட்ட வேண்டியவராகின்றார்.

முதலாண்டில் அனுப்பிய தொகையைப் பார்த்து வீட்டார் கணக்குப் போடுகின்றனர். அதனை நம்பிச் சீட்டுப் பிடிக்கின்றனர். வீட்டுக்கு மாடி எழுப்புகின்றனர். தங்கைக்கு நாள் பார்க்கின்றனர். மூன்றாம் ஆண்டில் தொகை குறைகின்றது. “பிள்ளை மாறிவிட்டான், யாரோ மாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சு அடுப்படியில் தொடங்குகின்றது.

அன்பு நேயர்களே! பெரும்பாலான சந்தேகங்களைத் தவிர்ந்துகொள்ளுமாறும், சில சந்தேகங்கள் பாவமாகவே அமைந்துவிடும் என்றும் திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமாகிய சூறத்துல் ஹுஜுராத் எம்மை எச்சரிக்கின்றது. அறியாத விடயத்தில் தீர்ப்பு வழங்குவதே இச்சந்தேகத்தின் வேர். கடல் கடந்து உழைக்கும் மகனின் சம்பளச் சீட்டை நாம் ஒருநாளேனும் பார்த்ததுண்டா? அதில் எத்தனை வெட்டுகள் உள்ளன என்று கேட்டதுண்டா? கேளாமலே குற்றவாளியாக்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தவறு வீட்டாரிடம் மட்டுமன்று. வெளிநாட்டிலிருப்பவர்களும் தமது கணக்கை மறைக்கின்றனர். முதலாண்டின் முழுச் சம்பளத்தையும் பெருமையாகச் சொல்கின்றார்கள். வரி வரப்போகின்றது என்பதைச் சொல்வதில்லை. சிலருக்கு அது தெரிவதுமில்லை. வரி வந்த பின், குறைந்த தொகையை அனுப்ப வெட்கப்பட்டு, நண்பரிடம் கடன் வாங்கி அனுப்புகின்றார்கள். இன்னும் சிலர் வட்டிக்கும் வாங்குகின்றார்கள். அல்லாஹ் பாதுகாப்பானாக! ஹலாலான ஊதியத்தைக் குடும்பத்துக்கு அனுப்பப் போய், ஹராமான சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வது எவ்வகையில் அறிவாகும்?

இவ்விடத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். எகிப்திலிருந்து தப்பி, கையில் ஏதுமின்றி மத்யன் நகருக்கு வந்த அவர் அங்கே அந்நியர். அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் கூலி வேலைக்கு அமர்ந்தார். எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவரது விருப்பம் என்று நிபந்தனை முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட்டதைச் சூறத்துல் கஸஸ் எமக்குக் கூறுகின்றது. எவ்வளவு காலம், என்ன வேலை, என்ன பிரதிபலன் என்பன யாவும் தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தன. வெளிநாடு செல்லும் எமது பிள்ளைகள் முகவரிடம் கேட்பது எதனை? “சம்பளம் எவ்வளவு?” என்பதை மட்டுமே. “கையில் எவ்வளவு வரும்? இரண்டாம் ஆண்டில் எவ்வளவு? மூன்றாம் ஆண்டில் எவ்வளவு?” என்று கேட்போர் மிகச் சிலரே. யப்பானுக்கும் இலங்கைக்குமிடையே திறன் தொழிலாளர் தொடர்பாக 2019இல் உடன்படிக்கை செய்யப்பட்ட பின்னர், அங்கு செல்வோர் இக்கேள்விகளைக் கேட்டறிந்து செல்வது மேலும் அவசியமாகிவிட்டது.

சிலர் வேறொரு கேள்வியை எழுப்புகின்றனர். “முஸ்லிம் அல்லாத நாட்டுக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும்? முடிந்தால் தப்பிக்கொள்ளலாமே!” என்கின்றனர். நேயர்களே! விசா என்பது வெறும் முத்திரையன்று; அது ஓர் ஒப்பந்தம். பாதுகாப்புப் பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைபவர் அந்நாட்டுடன் செய்த உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர் என்பதே மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூறத்துல் மாயிதா அதன் முதல் வசனத்திலேயே விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகின்றது. அந்த ஊரின் வீதியில் நாம் நடக்கின்றோம். அதன் குப்பை வண்டி எமது குப்பையையும் அள்ளிச் செல்கின்றது. தீப்பிடித்தால் அதன் தீயணைப்புப் படையே எமது விடுதிக்கும் வருகின்றது. பயனை அனுபவித்துவிட்டு விலையை மறுப்பது அமானிதமாகாது.

வரி வாங்குவோருக்கும் அமானிதம் உண்டு என்பதையும் இஸ்லாம் மறக்கவில்லை. ஸிரியாவின் ஹிம்ஸ் நகர மக்களிடம் பாதுகாப்புக்காக ஜிஸ்யா வரி பெற்றிருந்த முஸ்லிம் படையினர், உரோமப் பெரும்படை திரண்டு வந்த வேளையில் தம்மால் அம்மக்களைப் பாதுகாக்க இயலாதெனக் கண்டதும், பெற்ற வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கலீபா உமர் (ரழி) அவர்கள், முதுமையில் வரி செலுத்த வழியின்றி யாசித்துக்கொண்டிருந்த யூத முதியவர் ஒருவரைக் கண்டபோது, அவரது வரியை நீக்கியதுடன் பைத்துல் மாலிலிருந்து உதவியும் வழங்கினார்கள். வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ள இச்சம்பவங்கள் எமக்கு உணர்த்துவது ஒன்றுதான்: வரி என்பது இரு பக்கக் கடமை.

அந்நியர் என்பதற்காகச் சுமை சுமத்தப்படுவதன் வலி எமது முன்னோருக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்த முஸ்லிம்களும் செட்டிமாரும் அந்நியர் எனக் கணிக்கப்பட்டனர். ‘ஊழியம்’ என்ற பெயரில் கட்டாய வேலை அவர்கள் மீது சுமத்தப்பட்டது. அதனைச் செய்யாதவர் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அத்தகைய சுமையின் கீழும் அம்மக்கள் வணிகத்தில் நேர்மையைக் கைவிடாது வாழ்ந்ததனாலேயே இம்மண்ணில் வேரூன்றினர்.

நேயர்களே! எமது சமூகத்தவர் பெருமளவில் தொழில் புரியும் சவூதி அரேபியாவின் நிலையையும் பார்ப்போம். 2014ஆம் ஆண்டிலிருந்து எண்ணெய் விலை வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து, அரசு வருமானத்துக்குப் புதிய வழிகளைத் தேடியது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல், குடும்பத்துடன் வாழும் வெளிநாட்டுத் தொழிலாளி, தம்முடன் தங்கியுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் செலுத்த வேண்டுமென விதிக்கப்பட்டது. அது 2018இல் 200ஆகவும், 2019இல் 300ஆகவும், 2020இல் 400ஆகவும் உயர்ந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளுமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் மாதம் 400 ரியால். நான்காம் ஆண்டில் மாதம் 1,600 ரியால். ஆண்டுக்கு 19,200 ரியால்! இதனுடன் 2018இல் ஐந்து வீதமாகத் தொடங்கிய பெறுமதி சேர் வரி 2020 ஜூலையில் பதினைந்து வீதமாயிற்று.

எத்தனையோ குடும்பங்கள் இதனாற் பிரிந்தன. வாப்பா அங்கே, உம்மாவும் பிள்ளைகளும் இங்கே. அங்கே பிறந்து அங்கேயே படித்த பிள்ளை, திடீரென எமது பாடசாலையில் தமிழ் மொழியில் பாடங்களைத் தொடங்க வேண்டியதாயிற்று. இத்தகைய முடிவை ஒருவர் தனியே எடுத்து, விமானச் சீட்டைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. மனைவியுடனும் வயதுவந்த பிள்ளைகளுடனும் மஷூரா செய்து, கணக்கை முன்னால் வைத்து, எத்தனை ஆண்டுகள் பிரிவு, எந்தத் தொகை சேர்ந்ததும் திரும்புவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். முடிவில்லாத பிரிவு குடும்பமாகாது. கட்டணத்துக்குப் பயந்து இகாமாவைப் புதுப்பிக்காமல் விடுவதும் வழியன்று. தண்டப்பணம் ஏறும், மீண்டும் மீண்டும் தவறினால் நாடு கடத்தப்படவும் நேரும்.

உரிமையையும் அறிந்திருக்க வேண்டும். சவூதித் தொழிற் சட்டத்தின் நாற்பதாவது பிரிவின்படி, தொழிலாளியின் வேலை அனுமதிப் பத்திரம், அவரது இகாமா ஆகியவற்றின் கட்டணமும் புதுப்பித்தற் செலவும் முதலாளியைச் சார்ந்தவை. குடும்பத்தினருக்குரிய கட்டணமே தொழிலாளியைச் சாரும். இரண்டையும் சேர்த்து ஒருவரின் சம்பளத்தில் வெட்டினால், அதனைக் கேட்கும் உரிமை அவருக்குண்டு. உரிமையைக் கேட்பது நன்றி கெட்ட செயலன்று.

யப்பானிலும் சட்டம் அனுமதிக்கும் நிவாரணங்கள் உண்டு. ஊரிலுள்ள பெற்றோரைப் பராமரிப்பவர், பொதுவாகத் தலைக்கு மூன்று இலட்சத்து 30 ஆயிரம் யென்னை ஊர் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரியில் அது 33 ஆயிரம் யென் குறைவு. ஆயின் உறவை நிரூபிக்கும் பிறப்பத்தாட்சி முதலியவற்றை மொழிபெயர்ப்புடன் கொடுக்க வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் வெவ்வேறாகப் பணம் அனுப்பியமைக்கான பற்றுச்சீட்டுகளும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் வருமானத்திலிருந்து, முப்பது முதல் அறுபத்தொன்பது வயது வரையான உறவினராயின், அவர் மாற்றுத்திறனாளியாகவோ அங்கிருந்து கல்விக்காக வெளிநாடு சென்றவராகவோ இல்லாதவிடத்து, ஆண்டுக்கு மூன்று இலட்சத்து 80 ஆயிரம் யென்னேனும் அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு இத்தகைய சீட்டு ஏது? நாணய மாற்றில் சில ரூபாய்கள் இலாபமென எண்ணி உண்டியலை நாடுவோர், இந்நிவாரணத்தை இழப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தாம் பராமரிக்காத மாமனையும் மச்சானையும் பராமரிப்பதாக எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சியாகும். பிரித்தானியாவிலும் இத்தகைய சோதனை உண்டு. அங்கே 1993 முதல் நடைமுறையிலுள்ள கவுன்சில் வரியில், வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் வாழ்ந்தால் நான்கிலொரு பங்கு கழிவு கிடைக்கும். குரொய்டன் பகுதியில் 2023இல் இவ்வரி ஏறக்குறைய பதினைந்து வீதம் உயர்ந்தபோது பலரும் திணறினர். தனியே வாழ்பவர் கழிவைக் கேட்டுப் பெறட்டும்; அது அவரது உரிமை. மூவர் ஒன்றாகத் தங்கிக்கொண்டு ஒருவரென்று எழுதுவது களவு. உரிமைக்கும் களவுக்கும் இடையேயுள்ள கோட்டை எமது உள்ளம் நன்கறியும்.

கட்டாது விட்டால் என்னவாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். யப்பானில் வரி நிலுவை, விசா நீடிப்பைப் பாதிக்கக்கூடியது. நிரந்தர வதிவிடம் பெற்றவராயினும், வேண்டுமென்றே வரி செலுத்தாதிருந்தால் அதனை இழக்க நேரிடலாம் என்ற வகையில் 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே சிரமப்படுபவர் ஒளிந்துகொள்ளாமல், கடிதம் வந்தவுடனேயே நகர அலுவலகத்துக்குச் சென்று தவணை முறையில் செலுத்த அனுமதி கேட்பதே முறை. வேலை மாறும்போதும் நாடு திரும்பும்போதும் மீதி வரி எவ்வளவு எனக் கேட்டுத் தீர்த்துவிட்டோ, தம் சார்பில் செலுத்த ஒருவரை நியமித்துவிட்டோ வர வேண்டும். கடன்பட்டவராய் ஊரைவிட்டுப் புறப்படுவது விசுவாசிக்கு அழகன்று.

வரியைக் கட்டிவிட்டால் ஸக்காத் நிறைவேறிவிடும் என்றும் எவரும் எண்ண வேண்டாம். வரி மனிதர்களுக்கிடையிலான உடன்பாடு; ஸக்காத் அல்லாஹ் விதித்த இபாதத். வரியாகச் சென்ற பணம் எம் கையில் இல்லை. அதற்கு ஸக்காத்தும் இல்லை. ஆனால் நிஸாபை அடைந்து ஆண்டு பூர்த்தியான சேமிப்புக்கு நாற்பதில் ஒரு பங்கு கடமையே.

அன்புச் சகோதர சகோதரிகளே! வெளிநாட்டிலிருப்பவர் ஆண்டுக்கொரு முறையேனும் தமது சம்பளச் சீட்டையும் வரிக் கடிதத்தையும் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பட்டும். வரி தொடங்காத முதலாண்டில், வரப்போகும் வரிக்காக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கட்டும். வீட்டார், முதலாண்டில் வந்த பணத்தை நிரந்தர வருமானமென நம்பிக் கடன்படாதிருக்கட்டும். பணம் குறைந்தால், “ஏன் குறைந்தது?” என்று கேட்பதற்கு முன் “நீ சாப்பிட்டாயா மகனே?” என்று கேட்கட்டும். மஸ்ஜித் நிருவாகத்தினர், சென்று திரும்பியவர்களைக் கொண்டு, செல்லவிருப்போருக்கு இக்கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யட்டும்.

தெல்லிப்பழை வாங்கில் அமர்ந்திருந்த பெரியவரிடம் இக்கணக்கை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “ஐயா, உள்ளே அம்மாவுக்குக் கொடுக்கும் மருந்துக்குப் பணம் கேட்டார்களா?” என்று கேட்டேன். “இல்லைத் தம்பி, அரசாங்க ஆஸ்பத்திரி தானே” என்றார். “இதுவும் யாரோ கட்டிய வரியும் யாரோ கொடுத்த நன்கொடையும் தான் ஐயா. உங்கள் மகன் கட்டும் வரியிலும், அவ்வூரில் ஒரு தாய்க்கு ஏதேனும் கிடைக்கும்” என்றேன்.

அவர் பதில் கூறவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொலைபேசியை எடுத்துக்கொண்டு, வேப்ப மரத்தடிக்கு எழுந்து சென்றார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. “தம்பி, சாப்பிட்டியே?” என்ற முதற் சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

யா அல்லாஹ்! கடல் கடந்து உழைக்கும் எமது பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! அவர்களது சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், அவர்களது வாக்கை உண்மையானதாகவும் ஆக்குவாயாக! அவர்களுக்கும் வீட்டிலுள்ளோருக்குமிடையே நல்லெண்ணத்தை நிலைக்கச் செய்வாயாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண சுகத்தை வழங்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.